நகல் அண்ணாச்சி

மனு யாருக்கு என்பது அண்ணாச்சிக்குப் பெரிதில்லை. நகல் யார் யாருக்கு என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது. விஷயம் நாலே வரி: இந்த ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோய்விட்டது. நகல் பட்டியல் ஒன்றரைப் பக்கம். முதலமைச்சர் தனிப்பிரிவு, ஆளுநர், குடியரசுத் தலைவர், மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைப் பதிவாளர். ஒரு தடவை தேர்தல் ஆணையத்துக்கும் போட்டிருந்தார்.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

“ஏன், ஆச்சி ஓட்டு போடுதால்லா?”

அந்த நகல்கள் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? சென்னைக்குப் போனது ‘தக்க நடவடிக்கைக்காக’ கலெக்டருக்கு வரும், அங்கிருந்து தனித்தாசில்தாருக்கு, அவரிடமிருந்து என் மேசைக்கு. டில்லிக்குப் போனது மட்டும் சாவகாசமாக, பட்டாளத்திலிருந்து திரும்பும் மாமாவைப் போல மார்பு நிறைய முத்திரையோடு வந்து சேரும். ஒரே ஆச்சி, ஒரே 1,200 ரூபாய், ஏழு ந.க. எண். ஏழையும் தன்பதிவேட்டில் ஏற்றி, ஏழுக்கும் பதில் எழுதியாக வேண்டும். ஆச்சியின் கோப்பைத் தேடி எடுக்கவிடாமல் ஆச்சியின் கோப்புகளே மறித்துக்கொண்டு நிற்கும்.

அதற்குள் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். சட்டம் எங்களுக்கு 30 நாள் தருகிறது. உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அண்ணாச்சிக்கு எல்லாமே 48 மணி நேரம்தான், தெருவிளக்கு எரியாதது உட்பட.

யாரிடமும் காலணா வாங்கமாட்டார். ஜெராக்ஸ், தபால், ஆச்சியின் பஸ் டிக்கெட் எல்லாம் அவர் பென்ஷனிலிருந்துதான். புரோக்கர்கள் அவர் தலையைக் கண்டால் டீக்கடைப் பக்கம் ஒதுங்குவார்கள். அதற்காகவே அவர் போடும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் “பாஸ்புக் இருக்கா?” என்று கேட்டது ஆச்சியிடம். அவள் மடியிலிருந்து எடுக்கப் போனாள். “நீ சும்மா இரு ஆச்சி” என்று தடுத்துவிட்டு, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவை எனக்கு விளக்க ஆரம்பித்தார். கணக்கு எண் ஒரு இலக்கம் தப்பாக ஏறியிருக்கிறது. பாஸ்புக்கின் முதல் பக்கம் இருந்தால் அன்றைக்கே திருத்த அனுப்பியிருப்பேன். அண்ணாச்சியின் மனுக்களில் எல்லாம் இருக்கும், அது மட்டும் இருக்காது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அண்ணாச்சி. என் மேசைக்கு முன்னால் இருப்பது ஒற்றை நாற்காலி. அடுத்த தடவை அதில் ஆச்சியை உட்காரவிட்டு நீங்கள் நில்லுங்கள்.