பொருள்: மறித்து நிற்பது குற்றமாகும் ஆட்டம் குறித்து

மாங்காய் பறிக்கும் வலைத் தொரட்டியைக் கைக்கு அடக்கமாக வெட்டி எடுத்தது போன்ற ஒரு மட்டையால், கெட்டியான ரப்பர் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆறடிச் சதுரமான கோலுக்குள் புகுத்தும் ஆட்டமே லக்ராஸ் எனப்படுகிறது என்பதை, கொல்லிமலைச் சோளக்காட்டில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி பழக்கும் பெறுநராகிய அண்ணன் அவர்களுக்கு, மேரிலாந்தில் குடியிருக்கும் அனுப்புநராகிய தங்கை பணிவுடன் தெரிவிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிகள் தோற்றுவித்த இவ்வாட்டம், 1890-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் பெண்களின் ஆட்டமாகி, 1926-இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளி வழியாக அமெரிக்காவில் வேர்விட்டது. மேரிலாந்து மாநிலம் 1962-இலேயே குதிரைமேல் ஈட்டி ஏந்தும் போட்டியைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்துவிட்டபடியால், 2004-இல் லக்ராஸுக்குக் ‘குழு விளையாட்டு’ என்று தனிப் பட்டம் கொடுத்துச் சமாளித்தது என்பதும், குடியேறிய நாள் முதல் ஒரு குதிரையைக்கூட ஈட்டியோடு அனுப்புநர் கண்டதில்லை என்பதும் உபரிச் செய்திகள்.

கபடி அறிந்தவருக்கு இவ்வாட்டத்தின் தடுப்புமுறை முதலில் எரிச்சலையே தரும். கோலைச் சுற்றி எட்டு மீட்டர் வளைவு என்றொரு கோடு உண்டு. பந்து கோலை நெருங்கிய பின், ஒரு மட்டை நீளத்துக்குள் எதிராளி ஒருத்தியைக் காவல் செய்யாமல், தடுப்பவள் எவளும் அவ்வளைவுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கலாகாது. எறியத் தயாராக இருப்பவளுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட வெளியில், அவளை ஒட்டி நில்லாமல் தூரத்தில் குறுக்கே நிற்பதும் குற்றமே. கோல்காப்பாளர் நீங்கலாக மற்றவர்களுக்குக் கண்காப்பும் பல்காப்பும் மட்டுமே கட்டாயம் என்பதால், முகத்தில் பந்து படாதிருக்க வகுத்த விதி அது. தண்டனையாக எதிரணிக்கு எட்டு மீட்டரிலிருந்து தடையில்லாத ஓர் எறி கிடைக்கும். இடுப்பைக் கட்டித் தூக்கியவரை ஊரே தோளில் தூக்கும் மலையில் வளர்ந்த அனுப்புநர், மறித்து நின்ற குற்றத்துக்காக, லக்ராஸ் ஆடும் தன் மகள் தண்டிக்கப்பட்ட அன்று நடுவரைக் குறித்து உரக்கச் சொன்ன ஒரு சொல் அங்கே எவருக்கும் புரியாமற் போனது குடும்பத்தின் நல்லூழ்.

தடுப்புமுறையைத் தேர்வதென்பது, அடிப்படையில், ஆளைக் காப்பதா இடத்தைக் காப்பதா என்னும் கேள்விதான். கோல்காப்பாளர் நீங்கலாக எழுவர் தடுக்க, எழுவர் தாக்குகின்றனர். தடுப்பவர் ஏழு என்னும் கணக்கு கபடிக்கும் பொருந்துவது அண்ணனுக்கு ஆறுதலாகலாம். ஆளுக்கு ஆள் காவல் என்பது சாமைக் காட்டில் ஒவ்வொரு கிளியின் பின்னும் ஒருவர் ஓடுவதை ஒத்தது. கால் வேகம் இருந்தால் பலிக்கும், ஒருத்தி ஏமாந்தால் பக்கத்தவள் தன் ஆளை விட்டு ஓடிவர, அவள் விட்ட ஆளை அடுத்தவள் எடுக்க வேண்டும். இடக்காவலோ, வரப்புக்கு ஒருவராகப் பரண் போட்டு அமர்வது. ஆனால் மூன்று விநாடி விதி பரணில் அமர விடாது என்பதால், மகள் வளைவுக்குள் கால் வைத்து, உதட்டுக்குள் எண்ணி, மட்டையை நீட்டி ஒருத்தியைக் காப்பதாகக் காட்டி, உடனே வெளியேறி, மறுபடி நுழைகிறாள். வெயிலில் காய்ந்த பாறையில் வெறுங்காலோடு நிற்பவர் கால் மாற்றுவது போன்ற அந்த நடையே இடக்காவலின் முழுக் கலை. மகள் தமிழில் எண்ணியபோது ‘இரண்டு’க்குள்ளேயே ஊதல் ஒலித்தது, இப்போது ஆங்கிலத்தில் எண்ணுகிறாள்.

இடக்காவலை அண்ணன் எளிதில் புரிந்துகொள்ள, அதைக் கை கோக்காத சங்கிலி என்று கொள்ளலாம். கபடியில் மூலையில் நிற்பவர் நகர்ந்தால் கோத்த கையின் இழுப்பிலேயே பக்கத்தவருக்குச் செய்தி போய்விடும். இங்கே கை இல்லாத குறையை வாய் தீர்க்கிறது. பந்து யாரிடம், வலப்பக்கம் உதவி யார், இடப்பக்கம் யார் என்று தடுப்பவர்கள் ஓயாமல் கத்துகிறார்கள். கத்தாமல் இடம் மாறுபவள், கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பும் பேருந்துக்குச் சமம். சடுகுடுவில் ஏறி வருபவர் பாட, பிடிப்பவர்கள் மூச்சடக்கி நிற்பர். இங்கே தடுப்பவர்கள் பாட, தாக்க வருபவள் வாய் திறவாமல் வருகிறாள்.

கால் வேகமும் மூச்சும் உள்ள குழு ஆளைக் காக்கலாம். கோல்காப்பாளர் கெட்டிக்காரராகவும் மற்றவர்கள் சற்று மெதுவாகவும் உள்ள குழுவுக்கு, எறிகளைத் தூரத்துக்குத் தள்ளும் இடக்காவலே நல்லது என்பது அனுப்புநரின் துணிபு. கல்லூரி ஆட்டத்தில் தாக்கும் அணி 90 விநாடிக்குள் எறிந்தாக வேண்டுமாதலால், பந்தைச் சுற்ற விட்டே நேரத்தைக் கரைக்கவும் முடியும். ஆயினும் பந்து விரைந்து கைமாறினால் இடக்காவல் திணறும். எல்லோரும் பந்தையே பார்த்திருக்க, முதுகுப்புறமாக ஒருத்தி நழுவி வந்துவிடுவாள். எதிரணியில் நம் மலையாண்ட வில்லாளி வல்வில் ஓரி போன்ற குறி தப்பாத ஒருத்தி மட்டும் இருந்தால், அவள் முகத்தை விட்டு அகலாதபடி ஒருத்தியை ஒட்டவைத்து, மற்ற அறுவரும் இடம் காக்கலாம். எல்லாவற்றிலும் அனுப்புநருக்குப் பிடித்தது கொல்லிப்பாவை முறை: வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, வாருங்கள் என்று சிரித்து, நுழைந்தவளை இருவர் சேர்ந்து வளைப்பது. இதற்கு மகளின் பயிற்சியாளர் வேறொரு பெயர் வைத்திருக்கிறார். சிரித்து மயக்கிக் கொல்லும் அப்பாவையின் கதையை அவரிடம் சொன்ன பிறகு, அனுப்புநரைக் கண்டால் சற்று ஒதுங்கியே நிற்கிறார்.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்கு லக்ராஸைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஆடப்போவது அணிக்கு அறுவர் கொண்ட சிறு வடிவம். 30 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பதால், கபடியின் 30 விநாடி ரைடுக்குப் பழகிய சோளக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு புதிதாக இராது.

இணைப்பாக மகளின் பழைய மட்டை ஒன்று அனுப்பப்படுகிறது. கொய்யாவுக்கு உதவும், அத்தை கேட்டால், பலாவுக்கு உதவாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாறு அண்ணன் அவர்களை அனுப்புநர் கேட்டுக்கொள்கிறார். பதிலுக்கு மிளகு கால் கிலோ போதும்.