கல்லட்டிச் சுற்று: சைக்கிள்காரர்களுக்குச் சில யோசனைகள்

ஊட்டியில் கிளம்பி பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று இறங்கி, முதுமலைக் காட்டுக்குள் தெப்பக்காடு, மசினகுடி வரை போய், அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாக மறுபடி ஊட்டிக்கே ஏறி வந்தால் ஏறக்குறைய 105 கிலோமீட்டர். காரில் போகிறவர்கள் அரைநாளில் முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால்தான் இதைச் சைக்கிளில் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றிவிட்ட பிறகு தடுக்க முடியாது. ஒழுங்காகத் திட்டமிடவாவது செய்யலாம்.

முதல் வேலை, ஊரெல்லாம் சொல்லிவிடுவது. அலுவலகம், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு, முக்கியமாக மச்சினன். சைக்கிள் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முகம் இருக்காது. பயிற்சியைவிட இது நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது சைக்கிள். எடையைப் பற்றி ஆளாளுக்கு உபதேசம் செய்வார்கள்; கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பல்சக்கரங்களை. முன்னால் சிறிய சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 34 பல் என்றால், மிதியை ஒரு சுற்று சுற்ற டயரும் ஒரே சுற்றுதான் சுற்றும். கல்லட்டியில் அதற்கு மேல் யாரும் ஆசைப்படக் கூடாது. பின்னால் 28 போதும் என்று கடைக்காரர் சொல்வார். அவர் ஜெமினி மேம்பாலத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது பெரிய கேள்வி. கல்லட்டியின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவதா, ஏறுவதா? இறங்குவது சுகம் என்று புத்தி சொல்லும். கல்லட்டியில் கார்களே இறங்கத் திணறுகின்றன. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வெளியூர் வண்டிகள் கவிழ்ந்து கவிழ்ந்துதான், நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டிகள் அந்தப் பக்கமாக இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. சைக்கிளுக்குப் பதிவெண்ணே கிடையாதே என்று தலைகுந்தா சோதனைச் சாவடியில் நீங்கள் சட்டம் பேசலாம். பேசி ஜெயித்துவிட்டால்தான் ஆபத்து. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால், விடாமல் அழுத்திக்கொண்டே போகும்போது ரிம் சூடேறி உள்ளே ட்யூப் வெடிக்கும். அதற்குப் பிறகு இறக்கம் இன்னும் வேகமாக முடிந்துவிடும்.

ஆகவே ஏறுவதுதான். கணக்கு எளிது. பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸ் சைக்கிள் பயணத்தில் இந்த ஏற்றத்துக்கென்று தனிப் புகழே உண்டு. அதில் பங்கெடுத்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்; பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். மேலே போகப் போக ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும். இன்னும் எத்தனை பாக்கி என்று ஏறுகிறவனுக்கு விடாமல் நினைவூட்டும் ஏற்பாடு அது. யார் யோசனையோ, நல்ல மனுஷனாக இருக்க முடியாது.

நேரம் குறிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. டிசம்பர், ஜனவரி என்றால் தலைகுந்தாவில் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. பிரேக் பிடிக்க விரல் மடங்காது. வெயில் வரட்டும் என்று காத்திருந்து கிளம்பினால், எப்படித் திட்டம் போட்டாலும், கல்லட்டி அடிவாரத்தில் சரியாக உச்சிவெயிலில்தான் வந்து நிற்பீர்கள். மழைக்காலத்தில் போனால் வேறு வேடிக்கை. தென்மேற்குப் பருவமழை கூடலூரில் கொட்டு கொட்டென்று கொட்டும். மலையின் மறைவில் கிடக்கும் மசினகுடிப் பக்கம் முட்காடாகக் காய்ந்து கிடக்கும். ஒரே நாளில் மழைக்கோட்டுக்குள்ளும் நனைவீர்கள், மழைக்கோட்டைக் கழற்றிய பிறகு வியர்வையிலும் நனைவீர்கள்.

நடுவட்டத்தில் பிரிட்டிஷ் காலத்துச் சிறை இருக்கிறது, ஊசிமலையில் காட்சிமுனை இருக்கிறது, அவசியம் பாருங்கள் என்பார்கள். பிரேக்கிலிருந்து கையை எடுக்க முடிந்தால் பாருங்கள்.

இனி காடு. புலிகள் காப்பகத்துச் சாலையில் சைக்கிளை விடுவார்களா, எந்தப் பகுதியில், எந்த மாதத்தில் என்பதை வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கூடாது என்றால் கூடாதுதான். தெப்பக்காடு வரையிலான தூரத்தை வண்டியில் ஏற்றிக் கடந்துவிடலாம். இந்த ஒரு வேலையை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது சைக்கிள்காரர்களின் மரபு. ஜெர்ஸியின் நிறத்தை மூன்று மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள்.

அனுமதி கிடைத்து உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சாலையோரம் பலகைகள் ஆரம்பிக்கும். வண்டியை நிறுத்தாதீர்கள். வண்டியைவிட்டு இறங்காதீர்கள். இதை எப்படிக் கடைப்பிடிப்பது? நீங்கள் எதற்குள்ளும் இல்லையே, இறங்குவதற்கு. காட்டுக்குள் சைக்கிள்காரன் என்பவன் உட்கார்ந்தபடி போகும் பாதசாரி. கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது. தலையில் ஹெல்மெட் இருக்கிறதே என்றால், அது தார்ச்சாலையில் விழுவதற்குச் செய்தது, யானைக்குச் செய்ததல்ல.

காரிலே வருகிறவனை மிருகங்கள் வெகுதூரத்திலேயே காது கொடுத்து அறிந்து ஒதுங்கிக்கொள்ளும். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். நல்ல விலை கொடுத்து வாங்கியது என்றால் இன்னும் சத்தமில்லாமல். சாலையின் இருபுறமும் உண்ணிச்செடி ஆள் மறைய மண்டிக் கிடக்கும் இடத்தில், வளைவு திரும்பியதும் குட்டியோடு நிற்கும் பெண்யானைக்கு முன்னால் திடீரென்று போய் முளைக்க சைக்கிளைவிடத் தோதான வாகனம் இல்லை. தாய்லாந்தில் ஆசிய யானைகளை நடக்கவிட்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி மணிக்கு 25 கிலோமீட்டர் வரை எட்டும். ஏற்றத்தில் உங்கள் வேகம் ஏழு. மீதியைக் கைவிரலிலேயே கணக்குப் போடலாம்.

ஆகவே சைக்கிள் கணினியைப் பார்க்கும் கண்ணைக் கொஞ்சம் தரையிலும் வையுங்கள். ஆவி அடங்காத லத்தி, அப்போதுதான் முறித்த மூங்கில், புளித்த வாடை ஏதாவது தென்பட்டால் பின்னால் வரும் பஸ்ஸுக்காகக் காத்திருந்து அதை ஒட்டியே போவது மேல். யானை காதை ஆட்டிக்கொண்டு தின்றால் அது தன் வேலையைப் பார்க்கிறது. ஆட்டுவதை நிறுத்தி அசையாமல் நின்றால் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. காதை விரித்துத் தலையை உயர்த்தினால் உங்கள் கையில் இருக்க வேண்டியது செல்ஃபோன் அல்ல. தெப்பக்காட்டை வைத்து எடுத்து 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தைப் பார்த்து யானைமேல் பாசம் வந்தவர்கள் நிறையப் பேர். பாசம் நல்லதுதான். முகாமில் இருப்பவற்றுக்குப் பாகன் உண்டு. சாலையில் நிற்பவற்றுக்கு அந்த வசதி இல்லை.

சாப்பாட்டு விஷயம். நீலகிரியில் ஒருமுறை தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டில் உட்பட. இறக்குமதி ஜெல் பாக்கெட்டுகளைச் சட்டைப்பையில் அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் சோதனையில் விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள். டப்பாவில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் போதும். வாழைப்பழத்தை மட்டும் ஹேண்டில்பார் பையில் வைக்காதீர்கள். தெப்பக்காட்டுக் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். உங்களுக்குத்தான் மூடத் தெரியாது.

மசினகுடியில் டீக்கடையில் உட்காருங்கள். நாற்காலியில் சாய்ந்த பிறகு எழுந்திருக்கத் தோன்றாது, தோன்ற வேண்டாம். கடைக்காரர் உங்கள் இறுக்கமான கால்சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, பஸ் கெடைக்கலையா?" என்பார். பஸ் இருந்தும் சைக்கிளில் வந்ததை விளக்கப் பார்க்காதீர்கள். பேச்சு வளர்ந்தால், உங்கள் சைக்கிளின் விலைக்கு அவர் கடையையே வாங்கலாம் என்பது வெளியே வந்துவிடும்.

அந்தக் கடை வாசலிலேயே ஜீப் நிற்கும். சும்மா ஒரு தகவலுக்காகக் கேட்டு வையுங்கள்.

"அண்ணே, ஊட்டிக்கு மேல கொண்டுவிட எவ்வளவு?"

"ஆளுக்கா, சைக்கிளுக்கா?"

ஜீப்காரர் சொன்ன தொகை அநியாயம் என்று ரோஷத்தோடு மிதித்துக் கிளம்புவீர்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்; டீயை முடித்துவிட்டு மெதுவாகப் பின்னால் வருவார். நாலாவது வளைவிலேயே பேசி முடித்துவிடுங்கள். பதினைந்தாவது வளைவில் விலை இரட்டிப்பாகியிருக்கும், பேரம் பேச உங்களிடம் மூச்சும் இருக்காது.