ஐம்பது ரூபாய்ச் சாவு, மூவாயிரம் ரூபாய்க் கருமாதி

வீட்டு இன்வெர்ட்டர் மண்டையைப் போட்டால், பல நேரம் உள்ளே செத்துக் கிடப்பது ஒரு மாஸ்ஃபெட். பாட்டரியின் 12 வோல்ட்டை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளுகிற மூன்றுகால் கருப்புச் சாமான். அலுமினியத் தகட்டில் வரிசையாகத் திருகி வைத்திருப்பார்கள். ஓவர்லோடில் ஒன்று ஷார்ட் ஆனால் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். ஒன்று ஐம்பது ரூபாய். சால்டரிங் தெரிந்தவருக்கு அரைமணி வேலை.

ஆனால் கம்பெனியிலிருந்து வருகிற தம்பி மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்குவார். "போர்டு போயிருச்சு சார். மூவாயிரம் ஆகும்." எந்தப் பார்ட் என்று கேட்டால், "பார்ட்டெல்லாம் வராது சார், போர்டாத்தான் வரும்." அவரைத் திட்டி என்ன பயன்? பையில் மல்டிமீட்டரே கிடையாது. பில் புத்தகம் இருக்கிறது.

வெளியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த வழியையும் அடைத்தாயிற்று. சில போர்டுகளில் ஐசியின் முதுகிலிருந்த எண்ணைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் காப்பியடித்துவிடுவானாம்! அவனிடம் ஆய்வுக்கூடமே இருக்கிறது ஐயா. முழிப்பது மூலைக்கடை மெக்கானிக்கும், காசு கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கிய நாமும்தான்.

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். பயமே அதுதான். ஐஆர்எஃப் 3205 என்கிற மாஸ்ஃபெட்டைக் கேட்டால், "ஒரிஜினலா, நல்ல ஒரிஜினலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். டேட்டாஷீட்டில் அதற்கு 110 ஆம்பியர். குப்பை போர்டில் பிடுங்கி, மெருகேற்றி, புது எண் அச்சடித்து வந்த சரக்குக்கு அந்தச் சங்கதி தெரியாது. மீட்டரில் வைத்தால் சமர்த்தாக இருக்கும். ராத்திரி கரண்ட் போய் மூன்று ஃபேன் சுற்றும்போது 'டப்'. கம்பெனி நல்ல சாமானைத் தனியாக விற்காதவரை, இந்தப் போலிக்காரன் காட்டில் மழைதான்.

மத்திய அரசாங்கம் சும்மா இல்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இணையதளம் திறந்தார்கள். அதில் கம்பெனிகளின் கஸ்டமர் கேர் விவரம் கிடைக்கும், அதாவது நம்மை விரட்டியடித்த அதே கதவின் முகவரி. 2024-இல் எது எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கக்கூடியது என்று மதிப்பெண் போட இன்னொரு கமிட்டி. ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷின் விற்கிறவன் பத்து வருஷத்துக்கு உதிரிபாகம் தந்தாக வேண்டும், சட்டம். நமக்கு மதிப்பெண் போதும், நாம்தான் பரீட்சைப் பைத்தியங்களாயிற்றே.

இத்தனைக்கும் பிறகு மூவாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, "பழைய போர்டைக் கொடுத்துட்டுப் போப்பா" என்று கேட்டுப் பாருங்கள். தம்பி பதறிவிடுவார். "அதை ரிட்டர்ன் அனுப்பணும் சார்!" எதற்கு? ரிப்பேரே செய்ய முடியாத பிணத்தை வைத்துக் கம்பெனி என்ன செய்யப் போகிறது? அங்கே ஒருவர் உட்கார்ந்து, அந்த ஐம்பது ரூபாய் மாஸ்ஃபெட்டை மாற்றி, துடைத்து, 'சர்வீஸ் போர்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார். அடுத்த தெருவில் எவன் வீட்டு இன்வெர்ட்டராவது படுத்தால் அதுதான் போகும். மூவாயிரத்துக்கு.