வீராணத்தைக் காப்பாற்றுவது எப்படி?

முதலில் ஃப்ளெக்ஸ். வீராணம் ஏரியைப் பாதுகாக்கப் புறப்படும் எந்தப் பல்கலைக்கழகமும் லால்பேட்டை கடைத்தெருவில் அதைக் கட்டிவிட்டுத்தான் கரைக்கு வர வேண்டும். துணைவேந்தர் படம் பெரிதாகவும் ஏரி சிறிதாகவும் இருக்கட்டும். ஏரி கோபித்துக்கொள்ளாது, சோழர் காலத்திலிருந்து பொறுமையாகத்தான் கிடக்கிறது. 2004 முதல் இங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிற விஷயத்தை, சென்னையிலிருந்து வரும் சிறப்பு விருந்தினரே லால்பேட்டைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

மரக்கன்று நடும்போது ஒரு கன்றை ஐந்து பேர் பிடிக்கவும். மிச்சத்தை ஆடு பார்த்துக்கொள்ளும்.

அடுத்து ஆகாயத்தாமரை. வெள்ளியங்கால் ஓடை மதகுப் பக்கம் மாணவர்களை இறக்கி வாரச் சொல்லுங்கள். வாரியதைக் கரையிலேயே குவியுங்கள். ஒரு நல்ல மழைக்கு அது தானாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும், அடுத்த வருட முகாமுக்கும் வேலை இருக்கும். “இது போன வருஷம் வாரினதுதானே தம்பி?” என்று டீக்கடை பாய் கேட்டால் சிரித்து வையுங்கள்.

தப்பித்தவறியும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தார் போன வழியில் போகாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியைத் தின்ன, அந்த ஊர்க் கூன்வண்டே உண்டு. பேராசிரியர் ஆர்.எம். கதிரேசன் அந்த வண்டோடு நம் கற்பூரவல்லியையும் சேர்த்துப் பார்த்தார். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் சாறு பிழிந்து கொடுப்போமே, அதே இலைதான். காயவைத்துப் பொடித்தால் ஆகாயத்தாமரையைக் கொல்கிறது என்று அவர் எழுதிய கட்டுரை 2000இல் வெளியானது. வண்டு சுரண்டிய இலையில் பொடி இன்னும் சுலபமாக ஏறுமாம். எல்லாம் சரி, வண்டோடு எப்படி குரூப் போட்டோ எடுப்பது?

அதோடு விட்டார்களா? நெல் வயலில் மீனை விட்டு, வயலுக்கு மேலேயே கோழிக்கூண்டும் கட்டச் சொன்னார்கள். எச்சம் கீழே விழுந்தால் மீனுக்குத் தீனி, நெல்லுக்கு உரம். மீன் களையைத் தின்னும். ரிப்பன் வெட்ட வருபவர் தலையில் என்ன விழும் என்று யாரும் யோசிக்கவில்லை. பரங்கிப்பேட்டையில் அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் இன்னும் மோசம். வெள்ளாற்று முகத்துவாரச் சேற்றில் இறங்கி அலையாத்தி நட்டார்கள். பேன்ட் என்னத்துக்கு ஆகும்?

மதியம் பிரியாணி சொல்லிவிடுங்கள். அறிக்கை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், ஊரில் யாரும் படித்துவிட்டுத் தொந்தரவு தரமாட்டார்கள். முக்கியமாக, பின்வரிசையில் கைதூக்கும் விவசாயியிடம் மைக் போகக் கூடாது. “அந்த வண்டு எங்க சார் கெடைக்கும்? ஒரு வாய்க்காலுக்கு எத்தன விடணும்?” என்று கேட்டுவிடுவார். கேட்டேவிட்டால், உடனே நன்றியுரையைத் தொடங்கவும்.