தோல் உரிப்பது யார்?

கேள்வி: கடல் உணவு ஆலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது நியாயமாக நடக்கிறதா என்று ஆராய்கிறார்களாமே? வேலை கொடுத்தால் போதாதா, இதில் ஆராய என்ன இருக்கிறது?

– வாசகர், தூத்துக்குடி

பதில்: இறாலின் தோலை உரிக்கப் போகிறவர் முதலில் தன் தோலை உரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான்! தாய்லாந்தில், பாங்காக்குக்குப் பக்கத்தில் சமுத் சாகோன். அங்கே இறால் உரிப்பவர்களில் பெரும்பாலோர் மியான்மர்க்காரர்கள். ஊர்த் தரகருக்கு இவ்வளவு, எல்லையில் இவ்வளவு என்று கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அப்புறம் முதலாளி பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டால், ஆலைக் கதவுக்குப் பூட்டே வேண்டாம்.

2015-ல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் அங்குள்ள ஒரு கொட்டகையைப் பற்றி எழுதினார்கள். அதிகாலை 2 மணிக்குக் கதவைத் தட்டி எழுப்புவார்கள். பிறகு 16 மணி நேரம் ஐஸ் தண்ணீரில் கை. மறுவருடம் அந்தச் செய்தித் தொடருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. (உரித்தவர்களின் விரல்களுக்கு யாரும் பரிசு தரவில்லை.)

ஏஜென்சிகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997-லேயே உடன்படிக்கை போட்டுவிட்டது. ஆனால் ரசீது இல்லாமல் வாங்கிய பணத்தை ஆலையின் கணக்குப் புத்தகத்தில் தேடினால் கிடைக்குமா? தொழிலாளியைத்தான் கேட்க வேண்டும். அதுவும் மேனேஜரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டால், மாமியார் எதிரில் மருமகளிடம் குறை கேட்ட கதைதான்: “எல்லாம் சௌகரியம்!”

ஆலைக்கு வெளியே, பர்மிய மொழியில், ஒரே கேள்வி போதும்: “இங்கே வந்துசேர எவ்வளவு கடன் வாங்கினீர்கள்?”