பெரும்புள்ளி

செல்வம், பதவி, பரம்பரை ஆகிய மூன்றில் ஒன்றேனும் வாய்த்தவரையே உலகம் பெரும்புள்ளி என்று ஒப்புக்கொள்ளும். பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கும் எங்கள் மாமாவோ, அரசாங்கத் திணைக்களமொன்றில் முப்பத்துநான்கு வருஷம் பிறர் பணத்துக்குக் கணக்கெழுதி இளைப்பாறிய பின்னர், சுப்பர்மார்க்கெட்டுக்காரர் பில்லுக்குப் பில் போட்டுக்கொடுக்கும் சில்லறைப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்தே அந்தப் பட்டத்தை அடைந்தவர். ஊரார் 'பொயின்ற்ஸ்' என்பதை அவர் மட்டும் 'புள்ளி' என்றே சொல்வார். இவரைப் போன்றவர்கள் வெள்ளவத்தையிலும் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் உண்டு. எனினும் சிரத்தையில் இவருக்கு நிகரானவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கையடக்கத் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னாலே போதும் என்ற காலம் வந்து வெகுநாளாகியும், கீல்ஸின் நெக்ஸஸ் அட்டை முதல் காலஞ்சென்ற புடவைக்கடையொன்றின் அட்டை வரை பதினொரு அட்டைகளை றப்பர் வளையம் போட்டுச் சட்டைப்பையில், இதயத்துக்கு மிக அண்மையில், வைத்திருக்கிறார். பில்லுகளை அவர் எறிவதில்லை. அந்தக் காகிதத்தில் அச்சான எழுத்து வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்று அறிந்த நாள் முதலாக அவற்றை அலுமாரியின் இருட்டில் வைத்துப் பூட்டுவதோடு, முக்கியமானவற்றைப் போட்டோப்பிரதியும் எடுத்துவிடுகிறார். பிரதியெடுக்கும் செலவு பில்லின் புள்ளியை விட அதிகமல்லவா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, இரண்டு கிழமை அவர் வீட்டுத் தேநீரை இழந்தேன்.

எந்தக் கிழமையில் எந்த வங்கியின் கடனட்டைக்கு மரக்கறியில் கழிவு, எதற்கு மீனில் கழிவு என்பது அவருக்கு மனப்பாடம்; பஞ்சாங்கத்தை அவர் அதற்குப் பின்னர்தான் பார்ப்பார். இவ்விரண்டும் ஒருமுறை முரண்பட்டபோதுதான் அவருடைய மேதாவிலாசம் முழுமையாக வெளிப்பட்டது. மீனுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் கழிவு என்ற விளம்பரம் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டு வாசற்படியை மச்சம் தாண்டக்கூடாது என்பது மாமியின் சாசனம். காலையில் வஜிரா பிள்ளையாரைக் கும்பிட்டுத் திருநீறு அழியாத நெற்றியோடு நேரே கடைக்குப் போய், பாரை மீனில் இரண்டு கிலோவை வெட்டுவித்து எடுத்துவந்தவர், தமது வாசலுக்கு ஏறாமல், முதலாம் மாடியிலுள்ள பறங்கி மாதுவின் குளிர்சாதனப் பெட்டியில் அதை வைத்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் மீட்டுக்கொண்டார். வாடகையாக அந்த அம்மாள் ஐந்து துண்டுகளை அறவிட்டதில் கழிவு முழுவதும் கரைந்ததென்னவோ உண்மைதான். ஆயினும் புள்ளி ஏறியது, விரதமும் கெடவில்லை.

அவரைக் காணவேண்டிய இடம் காசாளரின் வரிசை. முன்னால் நிற்கும் இளைஞனிடம் காசாளர்ப் பெண் இலக்கம் கேட்கிறாள். அவன் இல்லையென்று தலையசைக்கிறான். அந்த ஒரு கணத்துக்காகவே கால்கடுக்கக் காத்திருந்த மாமா, பின்னாலிருந்து தோளைத் தொடுகிறார்.

"தம்பி, வீணாய்ப் போற புள்ளிதானே, என்ர நம்பரைச் சொல்லட்டே?"

தம்பி வாயைத் திறக்குமுன்னரே, "நங்கி, பூச்சியம் ஏழு ஏழு..." என்று தொடங்கி, பத்து இலக்கங்களும் தேவாரம் போலத் தாளம் பிசகாமல் வந்துவிடும். அந்தப் பெண், "அங்கிள், தெரியும், அடிச்சாச்சு," என்பாள்.

கூர்ந்து நோக்கினால் இந்த வித்தை புதியதன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்து நெசவாளர்கள் முதலானோர் கூடிக் கடையொன்று திறந்து, வாங்கிய சாமானின் அளவுக்கேற்ப இலாபத்தில் பங்கு கொடுத்தார்கள். நம் ஊர்ச் சங்கக்கடைகளின் பூர்வீகம் அதுதான். இலங்கையில் கார்கில்ஸ் தொடங்கியதும் அதே 1844இல் என்பது தற்செயலே. வித்தியாசம் ஒன்றுண்டு. சங்கத்தில் பங்கு வாங்கியவன் கடைக்குச் சொந்தக்காரன். புள்ளி வாங்குபவனோ தான் எதை, எப்போது, எவ்வளவு தின்கிறான் என்ற இரகசியத்தைக் கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான விலையைத் தனக்குக் கிடைத்த சன்மானம் என்று நம்புகிறவன். மாமாவிடம் இதை விளக்கினேன். "நான் பாண் தின்கிறது அவனுக்குத் தெரிஞ்சால் என்ன நட்டம்?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சேர்த்த புள்ளியைச் செலவழிப்பதில்லை என்பதே அவருடைய பெருமைக்கும், பின்னர் வீழ்ச்சிக்கும், காரணமாயிற்று. ஒரு புள்ளி ஒரு ரூபாய். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரிடம் 7,600 புள்ளிகள் இருந்தன. 400 கிராம் பால்மா பக்கெற் 380 ரூபாய் விற்ற அக்காலத்தில், அது சரியாக இருபது பக்கெற். "எடுங்கோவன், பிள்ளையளுக்கு ஆகும்," என்று மாமி மன்றாடினார். உண்டியலை உடைப்பவன் உருப்படமாட்டான் என்று மாமா மறுத்துவிட்டார். 2022 மார்ச்சில் அதே பக்கெற் 790 ரூபாயாயிற்று. இருபது ஒன்பதாகச் சுருங்கியது. அந்த ஒன்பதும் தட்டில் இருந்தாலல்லவோ! அவ்வருஷம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, வங்கியில் போட்ட காசுக்காவது வட்டியென்று ஏதோ கிடைத்தது; புள்ளிக்கு வட்டி கொடுக்கும் கடை ஈரேழு உலகத்திலும் இல்லை என்பதை, முப்பத்துநான்கு வருஷம் கணக்கெழுதிய மனிதர் அப்போதுதான் கண்டுகொண்டார்.

அன்றிலிருந்து அவருடைய சித்தாந்தம் தலைகீழாயிற்று. ஏறிய புள்ளியை அடுத்த பில்லிலேயே கழித்துவிடுகிறார். சென்ற செவ்வாய்க்கிழமை பதினாறு புள்ளிகளைக் கொடுத்து, பில்லில் பதினாறு ரூபாய் குறைந்ததைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் காட்டி, ஒரு சாம்ராஜ்யத்தை மீட்டவர் போல வெளியேறினார். அவரைப் பார்த்து நானும் அட்டையொன்று எடுத்தேன். ஆனால் அவரோடு கடைக்குப் போகும் நாட்களில் வாய் முந்துவது அவர்தான் என்பதால், என் கணக்கில் இதுவரை ஏறியது நான்கே நான்கு.

ஆகையால் வாசகர்களே, பம்பலப்பிட்டிப் பக்கம் சாமான் வாங்க வந்து, பின்னாலிருந்து தோளில் ஒரு விரல் பட்டால், திடுக்கிடாமல் ஒரு நிமிஷம் பொறுங்கள். பத்து இலக்கங்களையும் அவர் சொல்லி முடிக்கட்டும்.