பின்சீட்டுக்குப் பாட்டு கேக்கலையாம்

வா மாப்ளே, உக்காரு. கார் வாங்கின நாள்ல இருந்து மாமன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதவன், இன்னைக்கு ஆரன் அடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறேன்னா, அது என் மேல உள்ள பாசத்துல இருக்காது. சொல்லு, எது மக்கர் பண்ணுது? பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் முனகுதா? அதுக்குக் கடைக்காரன் ஆம்ப்ளிபயர், ஓவல் ஸ்பீக்கர், சப்வூபர்னு இருபத்தெட்டாயிரத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்கானா? எங்க, காட்டு. எழுத்து நல்லா இருக்கு. தொகையை மட்டும் குண்டு குண்டா எழுதியிருக்கான்.

இதை என்கிட்டக் கேக்க வந்ததுல தப்பில்ல. ஒரு காலத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தச் சடங்குன்னாலும் எந்தக் கோயில் கொடைன்னாலும் மாமன் மைக்செட்டுதான். குழாயைப் பனைமரத்து உச்சியில கட்டிட்டு இறங்குறதுக்குள்ள அடுத்த ஊர்க்காரன் என்ன விசேஷம்னு விசாரிக்க வந்துருவான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனா ஒரு ஸ்பீக்கர் ஏன் முனகுதுன்னு தெரியும்.

முதல்ல சாவியைப் போட்டு அந்தத் திரையைத் தட்டு. சவுண்ட் செட்டிங்னு இருக்கா? உள்ள போ. கார் படம் போட்டு அதுக்குள்ள ஒரு புள்ளி தெரியுதுல்ல, அது எங்க நிக்குது? டிரைவர் மடியில நிக்குது. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு சத்தத்தைப் பிரிச்சு விடுற ஃபேடர் அதுதான். பின்னாடி புள்ள தூங்குறான்னு உன் வீட்டுக்காரி ஒரு நாள் அதை முன்னால இழுத்து விட்டிருப்பா. நீ அதைப் பாக்காம கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டுத் திரியுற. புள்ளியை நடுவுக்குக் கொண்டா. உன் போன்ல சத்தம் எவ்வளவு வச்சிருக்க? பாதியா? போனை அரை வயித்துக்கு வச்சுட்டு கார்ல முழுசாத் திருகினா இரைச்சல்தான் பெருகும். போனை ஏறக்குறைய முழுசுக்கு வச்சுட்டு, மிச்சத்தைக் காருல கூட்டு.

பாத்தியா, இப்பவே கொஞ்சம் தெளிஞ்சிருச்சு. காப்பிகூட இன்னும் வரல, அதுக்குள்ள உனக்குச் சில ஆயிரம் மிச்சம் பண்ணிக் குடுத்துட்டேன். அதுல எனக்குப் பங்கு கேக்கல. கேட்டா மட்டும் குடுத்துறப் போறியாக்கும்.

உன் கதை பரவாயில்ல. மேலத்தெரு வாத்தியார் ஒருத்தர் விலை கம்மியான வேரியன்ட் வாங்கிட்டு, பின்கதவு ஜல்லடை மேல காதை வச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். கழட்டிப் பாத்தா உள்ள ஸ்பீக்கரே இல்ல. கீழ்வரிசை மாடல் பலதுல முன்னாடி ரெண்டுதான் குடுப்பான்; பின்னாடி வெறும் வயரு மட்டும் காத்துக்கிட்டுக் கிடக்கும். சில மாடல்ல அதுவும் கிடக்காது. உனக்கு ஸ்பீக்கராவது இருக்கு, சந்தோஷப்படு.

சரி, வாட்ஸ் கணக்குக்கு வருவோம். உன் செட்டு 4x50 வாட்ஸ்னு ஊரெல்லாம் பீத்திக்கிற. வண்டி ஓடும்போது பேட்டரி லைன்ல 14.4 வோல்ட் இருக்கும். செட்டுக்குள்ள இருக்கிற ஐசி ஸ்பீக்கரோட ரெண்டு கம்பியையும் மாத்தி மாத்தித் தள்ளும். எவ்வளவு முக்கித் தள்ளினாலும் அந்த 14.4-ஐத் தாண்ட வழியில்ல. எதிர்ல இருக்கிறது 4 ஓம் ஸ்பீக்கர். சத்தம் உடையாம ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்ஸுக்கு மேல காகிதத்துல கூட வராது. நஷ்டம் போக நிசமாக் கைக்கு வர்றது 15-ல இருந்து 20 வரைக்கும். 50-ங்கிறது, தொண்டை கிழிஞ்சு கத்துற நேரத்துல கண்ணிமைக்கிற அளவுக்கு எட்டிப் பாக்குற உச்சம். அதைத்தான் உனக்குச் சம்பளம்னு காட்டியிருக்கான்.

அதுக்காக 15 வாட்ஸ் போதாதுன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. எங்க குழாய்க்கு ஒரு வாட்ஸ் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா 100 டெசிபலைத் தாண்டும். அதான் கொஞ்சம் கரண்ட்டை வச்சுக்கிட்டு ஊரையே எழுப்பினோம். உன் கார் ஸ்பீக்கர் அதே ஒரு வாட்ஸுக்கு 88, 90-ன்னு நிக்கும். பத்து டெசிபல் கூடணும்னா பத்து மடங்கு வாட்ஸ் குடுக்கணும் மாப்ளே. மூணு டெசிபலுக்கு ரெண்டு மடங்கு. அப்படின்னா என்ன? 88 போட்ட ஸ்பீக்கரை விட்டுட்டு 91 போட்டதை வாங்கினா, ஆம்ப்ளிபயரை ரெண்டு மடங்கு ஆக்கினதுக்குச் சமம். காசும் கம்மி, வயரும் இழுக்க வேண்டாம். கடையில டப்பா மேல 300 வாட்ஸ்னு பூசணிக்காய் அளவுல போட்டிருப்பான். சென்சிட்டிவிட்டிங்கிற இந்த எண்ணைப் பின்பக்கம் பொடி எழுத்துல ஒளிச்சு வச்சிருப்பான். கண்ணாடி போட்டுக்கிட்டுப் போய் அதைப் படி.

ஆனா வாங்கப் போறதுக்கு முன்னாடி கதவைக் கழட்டு. ஸ்க்ரூ எங்க இருக்குன்னு முதல்ல பாரு. கைப்பிடிக் குழியில ஒரு சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். அதைப் பாக்காம இழுத்துத்தான் முக்கால்வாசிப் பேர் பேனலை உடைக்கிறது. மெதுவா... ஆங். பின்கதவுக்கு வெளிக்கடையில பவர் விண்டோ மாட்டினியே, அந்தப் பையன் செஞ்சிருக்கிற வேலையைப் பாரு. தகரத்து மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைப் பாதி கிழிச்சு அப்படியே தொங்க விட்டிருக்கான். ஸ்பீக்கரைச் சுத்திக் கையை வை. வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல என் விரலே போகுது. இதுதான் உன் நோய்.

ஸ்பீக்கர் முன்னால தள்ளுற காத்து அளவுக்குப் பின்னாலயும் தள்ளும், ஆனா தலைகீழா. முன்னால அழுத்தம்னா பின்னால இழுவை. ரெண்டும் ஒரு சந்துல சந்திச்சா அடித்தாளம் கழிஞ்சு பூஜ்யம். கீச்சுக் குரல் மட்டும் தப்பிச்சு வெளிய வரும். அதைத்தான் நீ முனகல்ங்கிற. ஸ்பீக்கர் வளையத்துக்கு அடியில பஞ்சு டேப் சுத்து, சந்து அடையட்டும். அதிர்ற தகரத்துல டேம்பிங் ஷீட் ஒட்டி உருளையால தேச்சு விடு. தகரத்துல இருக்கிற பெரிய ஓட்டைகளை மூடிட்டுப் புது பிளாஸ்டிக் ஷீட்டை ஒழுங்கா ஒட்டு. ஆனா கதவுக்கு அடிவிளிம்புல நீளவாக்குல சின்ன ஓட்டை இருக்கும் பாரு, அதை அடைச்சுறாத. மழைத்தண்ணி வடியிற வழி அது. அதையும் சேத்து அடைச்சுட்டு அடுத்த வருசம் கதவு துருப்பிடிச்சிருச்சுன்னு வந்து நின்னா, அப்ப நான் வீட்ல இருக்க மாட்டேன்.

கதவு திறந்திருக்கும்போதே இன்னொண்ணும் பாத்துருவோம். அந்த டார்ச்லைட்ல இருந்து ஒரு பேட்டரிக் கட்டையை உருவு. ஸ்பீக்கர் கப்ளரைக் கழட்டிரு, செட்டுக்குள்ள கரண்ட் போயிறக் கூடாது. ப்ளஸ்ஸை ப்ளஸ்ஸுல, மைனஸை மைனஸுல ஒரு நொடி தொட்டு எடு. டொக்குனு கூம்பு வெளிய துள்ளுதா? நல்லது. அப்ப அது ப்ளஸ்தான். இப்ப வண்டி வயர்ல எந்தக் கலர் அந்த முனைக்கு வருதுன்னு பாரு, வலது கதவையும் இதோட ஒத்துப் பாரு. கம்பெனிக்காரன் இதுல தப்புப் பண்றது அபூர்வம். நடுவுல கை வச்ச நம்மாளு எதை எதோட முறுக்கினான்னு அவனுக்கே தெரியாது. ஒரு பக்கம் மாத்திக் குடுத்திருந்தா, ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். நீ ஆயிரம் வாட்ஸ் குடுத்தாலும் நடுவுல உக்கார்றவனுக்குத் தவில் கேக்காது.

இவ்வளவும் பண்ணிட்டுக் கேளு. அப்புறமும் திருப்தி இல்லைன்னா ஸ்பீக்கரை மாத்தலாம். ஆனா ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. பின்சீட்ல யார் உக்கார்றா? எங்க அக்காதானே? உங்க அம்மாவுக்குப் பாட்டு கேக்கலைன்னு அழுதியே தவிர, அவளுக்கு எது கேக்கலைன்னு கேட்டியா? வயசானா முதல்ல போறது மேல்சத்தம்தான். ச, ஃப, த மாதிரி எழுத்தெல்லாம் காதுல தேஞ்சு போகும். தாளம் கேக்கும், வார்த்தை புரியாது. நீ சப்வூபரைக் கொண்டுபோய் வச்சா அவளுக்கு நெஞ்சு திம்முதிம்முங்கும், பாட்டு என்னன்னு தெரியாது. அதோட, பின்கதவு ஸ்பீக்கர் எங்க இருக்கு? அவ கெண்டைக்காலுக்கு நேரா. மேல்சத்தம் நேர்கோட்டுல போற சாதி. சேலைக் கொசுவத்துல முட்டி அங்கயே உக்காந்துக்கும். பல வண்டியில பின்னாடி வைக்கிறது மேல்சத்தத்துக்கான ட்வீட்டர் இல்லாத ஒத்தைக் காகிதக் கூம்பு வேற. அதனால நடுவுல ட்வீட்டர் வச்ச கோஆக்ஸியல் ஒரு ஜோடி வாங்கு. முடிஞ்சா ட்வீட்டர் தனியா வர்ற செட்டு வாங்கி, அதை மட்டும் கதவுல காதுக்குப் பக்கமா மேல ஏத்து. திரையில ட்ரெபிளை ரெண்டு படி கூட்டு. அக்கா உன்னை வாழ்த்துவா. என்னையும் சேத்து வாழ்த்தச் சொல்லு.

வாங்கும்போது குறுக்களவை மட்டும் பாக்காத. காந்தத்தோட ஆழத்தையும் அள. கண்ணாடியை முழுசா இறக்கி வச்சுட்டு அள. இல்லைன்னா முதல் தடவை இறக்கும்போதே கண்ணாடி காந்தத்துல போய் இடிக்கும்.

உனக்கே பின்னாடி இருந்து சத்தம் வேணும்ங்கிறியா? ஓட்டுறவனுக்கு எதுக்குடா அது? சாதாரணமா பாட்டுல இடம், வலம்னு ரெண்டு பாகம்தான் உண்டு. பின்னாடின்னு ஒரு பாகமே பதிவு பண்ணல. முன்னாடி போறதையேதான் பின்னாடியும் அனுப்புறான். கச்சேரிக்குப் போனா வித்வானுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா உக்காருவ? டிரைவருக்கு முன்னால இருந்து பாட்டு வரணும்னுதான் பின்னாடி அடக்கி வைக்கிறது. அம்மாவை ஏத்தினா புள்ளியை நடுவுக்குத் தள்ளு, இறக்கி விட்டா முன்னால இழு. வேலை அவ்வளவுதான்.

அந்த ஓவல் ஸ்பீக்கரை டிக்கி மேல இருக்கிற தட்டுல ஓட்டை போட்டு வைக்கிறேன்னு கடைக்காரன் சொன்னானா? அந்தத் தட்டு பெட்டி வைக்கவே யோசிக்கிற அட்டை. ஸ்பீக்கரைவிட அட்டைதான் அதிகம் பாடும். சடன் பிரேக் அடிச்சா, கிலோக்கணக்குல காந்தத்தோட தட்டு கிளம்பி எங்க அக்கா பிடரிக்கு வரும். அப்புறம் நான் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.

ஆம்ப்ளிபயர் வச்சே தீருவேன்னா வை, காசு உன்னது. ஸ்பீக்கர் வயர்ல இருந்தே சத்தத்தை எடுத்துக்கிற ஹை லெவல் இன்புட் உள்ளதா வாங்கு. பழைய செட்டைப் பிடுங்க வேண்டாம். பேட்டரியில இருந்து வர்ற கம்பிக்கு, பேட்டரிக்கு ஒரு சாண் ரெண்டு சாண் தள்ளியே பியூஸ் போடச் சொல்லு. ஆம்ப்ளிபயர்கிட்ட மட்டும் போட்டா, நடுவுல கம்பி உரசும்போது எரியிறது உன் காரு. ஸ்பீக்கரோட மைனஸை பாடியில எர்த் பண்றேன்னு எவனாவது சொன்னா அந்த இடத்துலயே வண்டியைக் கிளப்பு. ரெண்டு கம்பியும் உயிர்க் கம்பின்னு இப்பத்தானே சொன்னேன்? பாடியில தொட்டா உள்ள இருக்கிற ஐசி செத்தாலும் செத்துரும். கம்பெனி வயரை வெட்டவும் விடாத. அந்த மாடலுக்குன்னே கப்ளர் கிடைக்கும், இடையில சொருகினாப் போதும். வெட்டினா வாரண்டிக்காரன் அதையே சாக்காச் சொல்லுவான். மெட்ராஸ்ல இருக்கிறவன்தானே, ஜி.பி. ரோட்டுல நாலு கடை ஏறி இறங்கு.

டீக்கடைக்காரன் திரும்பிப் பாக்கணும்னுதான் இவ்வளவும்னா, அதையும் சொல்லிரு. குடியிருப்புல பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, பத்து மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லயே விதி போட்டுட்டான். அதைக் காட்டிக் காட்டித்தான் எங்க குழாயைக் கீழ இறக்கினாங்க. என் தொழிலை இறக்கினவனுங்க உன் காரை மட்டும் மேல ஏத்தி விடுவாங்களா?

இந்தா, காப்பி குடி. அந்தச் சீட்டை இங்க குடுத்துட்டுப் போ, பின்பக்கம் வெத்தா இருக்கு, பால் கணக்கு எழுதிக்கிறேன். ஸ்பீக்கர் மாத்தினா கழட்டின பழசைக் கடையில விட்டுட்டு வந்துறாத. பழசை நான் வச்சுக்கட்டுமான்னு கடைக்காரன் கேப்பான், தலையை ஆட்டிறாத. காரை விக்கும்போது திரும்ப மாட்டணும்ல? அதுவரைக்கும் அது உன் வீட்டுப் பரண்ல கிடந்தா எலி கடிக்கும். இங்க கொண்டு வந்து குடு. மாட்டுத்தொழுவத்துல ஒரு ரேடியோ ஸ்பீக்கர் இல்லாமக் கிடக்கு. கப்ளரை வெட்டாமக் கொண்டா, ரெண்டு ஸ்க்ரூவும் சேத்து.